குழுப்பணிக்கு நான் ஒருத்தனே போதும்

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். நல்லதாப் போச்சு. மூணு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு வர்றது எனக்கு ஆகாது. வாத்தியார் வேலை பாத்த வாயி.

என்ன வாத்தியாருன்னு கேக்குறீங்க. ஆக்குபேஷனல் தெரபி கல்லூரியில பேராசிரியர். முழிக்காதீங்க, இதைச் சொன்னா எல்லாருமே இப்படித்தான் முழிப்பாங்க. என் மச்சினன் பத்து வருஷமா முழிக்கான். ஒரு நாள் அவன் மகனுக்கு வேலை வாங்கித் தரச் சொல்லி பயோடேட்டாவைக் கொண்டாந்து நீட்டிட்டான். இது வேலை வாங்கிக் கொடுக்குற ஆபீஸ் இல்ல சார். பக்கவாதம் வந்து ஒரு ஆளுக்குக் கை விழுந்துபோச்சுன்னு வையுங்க. அவரை நடக்க வைக்கிறது பிசியோதெரபிக்காரங்க. நடந்து போயி அவரு என்ன செய்யணும்? பல்லு விளக்கணும், சட்டைப் பட்டன் போடணும், பொழப்பைப் பாக்கணும். அதைத் திரும்பப் பழக்கிக் கொடுக்குறது நாங்க.

எங்க கல்லூரியில ரெண்டு படிப்பு. ஒண்ணு டிகிரி. நாலரை வருஷம். நோயாளியைச் சோதிச்சு, என்ன பயிற்சின்னு திட்டம் போடுற பிள்ளைங்க. இன்னொண்ணு டிப்ளமா. ரெண்டு வருஷம். தெரபி அசிஸ்டென்ட். அந்தத் திட்டப்படி நோயாளிகூட இருந்து செய்யுற பிள்ளைங்க. அவங்க யோசிக்கணும், இவங்க செய்யணும். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. இதுல என்ன குழப்பம்?

மேலிடத்துல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. இந்த ரெண்டு பேரும் நாளைக்கு ஆஸ்பத்திரியில சேந்துதான் வேலை செய்யணும், அதனால இப்பவே சேத்து உக்கார வச்சு 'குழுப்பணி'ன்னு ஒரு பேப்பர் நடத்துங்கன்னு. எங்க பிரின்சிபால் மீட்டிங் போட்டாரு. "இதுக்கு ரெண்டு ஆசிரியர் சேந்து பாடம் எடுக்கணும், செண்பகராமன். டிகிரிக்கு நீங்க, டிப்ளமாவுக்கு ஜெபக்கனி மேடம்"ன்னாரு. நான் எந்திரிச்சு மரியாதையாச் சொன்னேன்: "சார், குழுப்பணிக்கு நான் ஒருத்தனே போதும்."

மீட்டிங்கே சிரிச்சுச்சு. என்ன சிரிப்புன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை.

ஆனாலும் ஜெபக்கனி மேடத்தைச் சேத்துட்டாங்க. நான் அவங்களைக் குறை சொல்லலை. இருபது வருஷமா வார்டுலயே கிடந்தவங்க. நல்ல உழைப்பாளி. ஆனா பாருங்க, டிப்ளமா படிச்சவங்க. அவங்களுக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கணும்ல? சாமான் அறைச் சாவியைக் கொடுத்தேன். குழுன்னா எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கணும்.

பாடம் நான் எப்படி நடத்துனேன் தெரியுமா? எண்பத்தி நாலு ஸ்லைடு. டிகிரிப் பிள்ளைங்க முன்வரிசை, டிப்ளமாப் பிள்ளைங்க பின்வரிசை. கலந்து உக்காரட்டுமேன்னு ஜெபக்கனி மேடம் கேட்டாங்க. கலந்து உக்காந்தா வருகைப்பதிவு எடுக்க முடியாதுன்னு விளக்கமாச் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க.

விளையாட்டும் வச்சேன் சார். நான் ஒண்ணும் பழைய பஞ்சாங்கம் இல்ல. பழைய நியூஸ் பேப்பர், ஒட்டுற டேப், அரை மணி நேரம். எந்தக் குழு உசரமா கோபுரம் கட்டுதுன்னு போட்டி. டிகிரிப் பிள்ளைங்க அழகா உக்காந்து, கோபுரத்தோட குறிக்கோள் என்னன்னு விவாதிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதுக்குள்ள ஒரு மூலையில டிப்ளமாப் பிள்ளைங்க நாலு பேரு மளமளன்னு பேப்பரைச் சுருட்டி, ஃபேன் உசரத்துக்கு ஏத்திட்டாங்க. கைதட்டல் வேற. நான் அந்தக் குழுவைத் தள்ளுபடி செஞ்சுட்டேன். குறிக்கோள் எழுதாம கட்டுனது எப்படி சார் கோபுரமாகும்?

பரீட்சையும் ஒழுங்கா வச்சேன். ஆளுக்கு ஒரு பெஞ்சு. 'குழுவாகச் செயல்படுவதன் பத்து நன்மைகளை எழுதுக.' ஒரு பொண்ணு பக்கத்துல இருந்தவகிட்ட ரப்பர் கேட்டா. ரெண்டு பேரு பேப்பரையும் பிடுங்கிட்டேன். குழுப்பணின்னா என்னன்னு அன்னைக்குத்தான் அவங்களுக்கு உறைச்சிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வாரேன். பாடம் முடிஞ்சு ஆறு வாரம் வார்டுப் பயிற்சி. குழுவுக்கு ஆறு பேரு. நாலு டிகிரி, ரெண்டு டிப்ளமா. குழுவுக்கு ஒரு நோயாளி. மூணாவது குழுதான் என் தலையில மண்ணை அள்ளிப் போட்ட குழு. அதுக்குத் தலைவி வர்ஷினின்னு ஒரு பொண்ணு. வகுப்புல முதல் மாணவி, என் ஸ்லைடு எண்பத்தி நாலும் அவளுக்கு மனப்பாடம். டிப்ளமாவுல இருந்து முப்பிடாதின்னு ஒரு பொண்ணு. சேரன்மகாதேவிப் பக்கம். வாயைத் திறந்தா அந்த ஊர் பாஷைதான் வரும்.

நோயாளி பேரு அருமைநாயகம். அம்பத்தி நாலு வயசு. ஜவுளிக்கடைத் தெருவுல ஒரு பெரிய தையல் கடையில கட்டிங் மாஸ்டர். முப்பது வருஷமா துணி வெட்டுற ஆளு. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோச்சு. காலு ஓரளவு தேறிடுச்சு, இடது கைதான் தொங்கிப்போச்சு. தீபாவளிக்கு ரெண்டரை மாசம் இருக்கு. கடைக்காரரு வந்து பாத்துட்டு, "தீபாவளி வெட்டுக்கு வந்துருவீங்கள்ல மாஸ்டர்? இல்லன்னா நான் வேற ஆளைப் பாக்கணும்"னு சொல்லிட்டுப் போனாராம். அந்த ஆளுக்கு அதுதான் கவலை. கத்திரியைப் பிடிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்னாரு.

இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. எங்க தொழில்ல முதல் கேள்வியே இந்த ஆளுக்கு எந்தக் கை பழக்கம்ங்கிறதுதான். இங்கிலீஷ் படிவத்துல, நாங்க பாரம்னு சொல்லுவோம், 'டாமினன்ட் ஹேண்ட்'னு இருக்கும். நம்ம ஜனங்களுக்கு அது புரியுமா? நான்தான் உக்காந்து யோசிச்சுத் தமிழ்ல போட்டேன். 'நீங்கள் எந்தக் கையால் சாப்பிடுவீர்கள்?' எவ்வளவு எளிமை பாருங்க! பதினோரு வருஷமா அந்தப் பாரம்தான் ஓடுது. நூத்துக்கணக்கான நோயாளிங்க. அத்தனை பேரும் வலதுன்னுதான் சொல்லியிருக்காங்க. ஒருத்தருகூட இடதுன்னு சொன்னதில்ல. அவ்வளவு துல்லியமான கேள்வி.

அருமைநாயகமும் வலதுன்னுதான் சொன்னாரு. பாரத்துல இருக்கு. வர்ஷினி அழகாத் திட்டம் போட்டா. பழக்கமான கை வலது, அது நல்லா இருக்கு, விழுந்தது துணைக்கை, அதனால வலது கையால கத்திரி பிடிச்சு வெட்டுறதுக்குத் தெம்பு ஏத்தணும், இடது கை துணியை அமுக்கிப் பிடிச்சாப் போதும். பதினாறு பக்கம். நான் படிச்சுட்டு கைகொடுத்தேன். அப்படி ஒரு திட்டம்.

குழுவுக்குள்ள தகவல் எப்படிப் போகணும்ங்கிறதுக்கு நான் ஒரு முறை வச்சிருந்தேன். அசிஸ்டென்ட் பிள்ளைங்க கண்டது கேட்டதையெல்லாம் ஒரு பச்சை நோட்டுல எழுதணும். நோட்டு குழுத்தலைவிகிட்டப் போகும், அங்க இருந்து வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வரும். நான் பாத்துக் கையெழுத்துப் போடுவேன். நேரா வந்து வாயால சொல்லக் கூடாது. வாயால சொன்னா பதிவு எங்க இருக்கும்? செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குக் குழுக்கூட்டம். அந்த நேரத்துலதான் அசிஸ்டென்ட் பிள்ளைங்க நோயாளிங்களைத் திரும்ப வார்டுல கொண்டுபோய் விடணும், அதனால அவங்க வர முடியாது. நேரத்தை மாத்தலாமேன்னு ஜெபக்கனி மேடம் ரெண்டு தடவை கேட்டாங்க. எதுக்கு மாத்தணும்? கூட்டம் எவ்வளவு அமைதியா நடந்துச்சு தெரியுமா!

பயிற்சி ஆரம்பிச்சாச்சு. அருமைநாயகம் வலது கையில கத்திரியைப் பிடிக்காரு, துணி வெட்டுப்பட மாட்டேங்குது. கோணல் மாணலாப் போகுது. முப்பது வருஷம் வெட்டுன ஆளு சார், பள்ளிக்கூடப் பிள்ளை கணக்கா வெட்டுதாரு. வர்ஷினி சரியாக் கண்டுபிடிச்சா: 'நோயாளிக்கு ஊக்கம் இல்லை. ஒத்துழைப்பு போதாது.' முதல் வாரம் எழுதுனா, ரெண்டாவது வாரம் சிவப்பு மையில எழுதுனா.

நானே போனேன். பேராசிரியர் நேரா நோயாளிகிட்டப் போறது லேசான காரியம் இல்ல. கட்டில் பக்கத்துல நின்னு இருபது நிமிஷம் பேசுனேன். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, எல்லாம் சொன்னேன். மனசு இருந்தாக் கை தானா வரும் மாஸ்டர்னு தோள்ல தட்டுனேன். அந்த ஆளு தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "பழகிக்கிடுதேன் சார்"னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு. பழகிக்கிடுதேன்னா என்ன அர்த்தம்? முப்பது வருஷமாச் செஞ்ச வேலையைப் புதுசாவா பழகணும்? ஒத்துழைப்பு இல்லைன்னு வர்ஷினி எழுதுனது சரிதான்னு முடிவு பண்ணிட்டு வந்துட்டேன்.

டீ குடிக்கீங்களா? கோவில்பட்டியில பத்து நிமிஷம் நிக்கும். சரி, வேண்டாம்னா விடுங்க. நான் சொல்லிருதேன்.

இடது கைக்கு ஒண்ணுமே செய்யலைன்னு பின்னாடி பேசுனாங்க. அது பொய். கை மடங்கிப் போகாம இருக்க தினமும் நீட்டி மடக்கி விட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அது அசிஸ்டென்ட் வேலை, முப்பிடாதி செஞ்சா. ரெண்டாவது வாரம் வியாழக்கிழமை வெந்நீர்ல அந்தக் கையைக் கழுவித் துடைச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கா. பெருவிரல் அடியில ஒரு காய்ப்பு, நடுவிரல் பக்கவாட்டுல ஒரு காய்ப்பு. கல்லு மாதிரி. அவ அம்மையும் தையல்காரி போல. அவ அம்மைக்கு அதே இடத்துல அதே காய்ப்பு உண்டு, ஆனா வலது கையில. கத்திரி பிடிச்சுப் பிடிச்சு வர்றது.

"மாமா, நீங்க நொட்டாங்கையா?"ன்னு கேட்டுருக்கா. நாகரிகமே கிடையாது பாருங்க. எனக்கு அதைப் பின்னாடி அவளே ஒப்பிச்சா.

அந்த ஆளு சிரிச்சாராம். அப்புறம் அழுதாராம். வெட்டுறது, கோடு போடுறது, எழுதுறது, சுத்தியல் பிடிக்கிறது, எல்லாமே இடது கைதானாம். சாப்பிடுறது மட்டும் வலது. சின்னப் பிள்ளையில இடது கையைச் சோத்துல வச்சா வீட்டுல விடுவாங்களா? நம்ம வீட்டுல எவன் சார் இடது கையால சாப்பிடுதான்? நான் கேட்டேன், சாப்பிடுற கை எதுன்னு. அவரு சொன்னாரு, வலதுன்னு. கேள்வி சரி, பதிலும் சரி. இதுல என் தப்பு எங்க வந்துச்சு?

"பின்ன ஏன் மாமா சொல்லலை?"ன்னு கேட்டுருக்கா. அதுக்கு அவரு, "வலது கையிலேயே வெட்டப் பழக்குதாங்களேம்மா. அப்ப இந்தக் கை அவ்வளவுதான்னு பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க, என் முகத்துக்கு நேரா சொல்ல மனசில்லாம இருக்காங்கன்னு நினைச்சேன்"னாராம். ரெண்டு வாரமா அந்த ஆளு அப்படி நினைச்சுக்கிட்டே வெட்டியிருக்காரு. நான் தோளைத் தட்டுனப்பவும் அப்படித்தான் நினைச்சிருக்காரு.

சரி. இருக்கட்டும்.

முப்பிடாதி அன்னைக்கே பச்சை நோட்டுல எழுதிட்டா. அது வரைக்கும் முறைப்படிதான் நடந்துச்சு, நான் இல்லைங்கலை. வர்ஷினி அந்தப் பக்கத்துல 'பார்த்தேன்'னு போட்டா. நோட்டு வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்துச்சு. பதினாலு நோட்டு சார்! ஒவ்வொண்ணுலயும் அந்த வாரத்துப் பக்கம் ஆறு. நான் ஒரு பக்கம் விடாம, தேதியோட, 'நன்று'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் காலத்துல எந்தப் பேராசிரியரு இவ்வளவு சிரத்தையாச் செய்யுதாரு?

மூணாவது வாரமும் திட்டப்படி போச்சு. வலது கை, கத்திரி, கோணல். அந்தப் பொண்ணு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, ஒரு நாள் என் அறை வாசல்ல வந்து நின்னா. "சார், மாஸ்டர் விஷயமா நோட்டுல எழுதியிருந்தேன்"னா. "பாத்தாச்சும்மா, போ"ன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? கையெழுத்துப் போட்டா பாத்தாச்சுன்னுதானே அர்த்தம்?

இதுக்குப் பெறகு நடந்ததுதான் சார் துரோகம்.

அவ நேரா வர்ஷினியைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, அந்த ஆளோட இடது கையை அவ கையில வச்சுட்டா. "நீங்களே தடவிப் பாருங்க அக்கா"ன்னா. வர்ஷினி அங்கேயே உக்காந்துட்டாளாம். பதினாறு பக்கத் திட்டம் போட்ட பொண்ணு சார் அவ. அந்தக் கையைத் தொட்டுப் பாக்கணும்னு அவளுக்குத் தோணவே இல்லை. நான் சொல்லிக் கொடுக்கலைன்னு நினைக்காதீங்க, எழுபத்தி ஒண்ணாவது ஸ்லைடுல இருக்கு. பெறகு ரெண்டு பேருமா ஜெபக்கனி மேடத்துகிட்டப் போயிருக்காங்க. மேடம் என்ன செஞ்சாங்க? சாமான் அறையைத் திறந்து விட்டுட்டாங்க. நான் கொடுத்த சாவி!

மூணு வாரம் சார். நாலாவது, அஞ்சாவது, ஆறாவது வாரம். மதிய இடைவேளையில, எனக்குத் தெரியாம, ஆறு பேரும் அந்த அறைக்குள்ள. டிகிரி நாலு, டிப்ளமா ரெண்டு, எல்லாம் ஒண்ணுமண்ணா. வர்ஷினி திட்டத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு இடது கைக்குப் புதுசா எழுதியிருக்கா. முப்பிடாதி அதைப் படிச்சுப் பாத்து, இது அந்த ஆளுக்கு ஆகாது, கனமான கத்திரியை இப்பவே கொடுத்தா கை நடுங்கும், முதல்ல நூல்கண்டு, அப்புறம் சாக்பீஸ், அப்புறம் காகிதம்னு சொல்லியிருக்கா. டிப்ளமாப் பொண்ணு டிகிரிப் பொண்ணு திட்டத்தைத் திருத்துதா! அவளும் எழுதிக்கிடுதா! ஒருத்தி டிபன் பாக்ஸை இன்னொருத்தி திறந்து சாப்பிட்டுக்கிட்டே முறை வச்சு அந்த ஆளைப் பழக்கியிருக்காங்க. ஒருத்தி வராட்டி இன்னொருத்தி நிப்பாளாம். யாரு தலைவி, யாரு அசிஸ்டென்ட்னு பாத்தாத் தெரியாதாம்.

எனக்குத் தெரியாம ஆறு பேரு ஒண்ணு சேந்து, ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காம, ஒரே நோக்கத்தோட மூணு வாரம் வேலை செஞ்சிருக்காங்க. இதுக்கு என்ன பேரு சொல்லுவீங்க? நான் சொல்லுதேன். சதி.

கடைசி நாள் கல்லூரி அரங்கத்துல ஒவ்வொரு குழுவும் தன் நோயாளியைப் பத்திப் பேசணும், அதுக்கு வெளியில இருந்து தேர்வாளர் வந்தாங்க. வயசான அம்மா, ரொம்ப அனுபவஸ்தி. நான் மூணாவது குழுவை முதல்ல பேச விட்டேன், வர்ஷினி இருக்காளேங்கிற தைரியம். அவ மேடையேறி என் பாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. "எங்க முதல் திட்டம் தப்பு மேடம். தப்புன்னு எங்களுக்குக் காட்டுனது முப்பிடாதி"ன்னு சொல்லி அந்தப் பொண்ணைக் கையைப் பிடிச்சு மேல ஏத்திட்டா. முப்பிடாதிக்கு வேர்த்துக் கொட்டுது. "அவியளுக்கு எடது கைதான் மேடம் பழக்கம். காய்ப்பைப் பாத்தேன். எங்கம்மைக்கும் உண்டு"ன்னு அவ பாஷையிலயே சொல்லுதா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கேக்காங்க.

அருமைநாயகத்தை மேசை முன்னாடி உக்கார வச்சாங்க. நீலக் கலர் துணி. இடது கையில கத்திரி. முப்பிடாதி ஒரு விரலை மட்டும் அவரு மணிக்கட்டுக்கு அடியில கொடுத்திருந்தா. வெட்டுனாரு. நாலு விரக்கடை நீளம். நேரா. அதுக்கு மேல கை தளந்து கத்திரி சாஞ்சிடுச்சு. அந்த ஆளு வெட்டுன துணியை எடுத்து முகத்துக்கு நேரா வச்சுப் பாத்தாரு.

அழகாத்தான் இருந்துச்சு. நான் மனசாட்சியை மறைச்சுப் பேசலை.

அந்தம்மா கேட்டாங்க, "இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?" முப்பிடாதி, "ரெண்டாவது வாரம் வியாழக்கிழமை மேடம். நோட்டுல இருக்கு." அந்தம்மா நோட்டைப் பிரிச்சாங்க. படிச்சாங்க. கீழ பாத்தாங்க. 'நன்று. செண்பகராமன்.' தேதியோட. "சார், இதைப் படிச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. இருநூறு பேருக்கு முன்னாடி. "படிக்கிறது குழுத்தலைவி பொறுப்பு மேடம், நான் மேற்பார்வை"ன்னேன். "அப்ப எதை நன்றுன்னு போட்டீங்க?"ன்னாங்க. இது ஒரு கேள்வியா சார்?

நான் முறைப்படி நடந்தேன். மூணாவது குழுவுக்கு 'தகவல் தொடர்பு'ங்கிற பகுதியில பூஜ்யம் போட்டேன். என்கிட்டச் சொல்லாமச் செஞ்சாங்கள்ல? பிரின்சிபால் மறுநாளே அதை ரத்து பண்ணிட்டாரு. அதோட விட்டாரா? குழுப்பணி பேப்பரை என்கிட்ட இருந்து எடுத்து ஜெபக்கனி மேடத்துக்குக் கொடுத்துட்டாரு. என் பாரத்துல இருந்த கேள்வியை அடிச்சுட்டு, 'எந்தக் கையால் எழுதுவீர்கள், எந்தக் கையால் வேலை செய்வீர்கள், காட்டுங்கள்'னு போட்டுட்டாங்க. பதினோரு வருஷத்துக் கேள்வி. எனக்கு இப்ப என்ன பொறுப்பு தெரியுமா? பரீட்சை ஹால்ல பெஞ்சு போடுறது.

விளக்கமும் கேட்டுருக்காங்க. அதைக் கொடுக்கத்தான் மதுரைக்குப் போறேன். பல்கலைக்கழகத்து விசாரணைக் குழு இன்னைக்கு அங்க உக்காருது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும், இல்லன்னா பேப்பர் ஜெபக்கனி மேடத்துக்கே நிலைச்சிரும். வெறும் விளக்கம் இல்ல சார், ஆதாரத்தோட போறேன். நோயாளியே எழுதிக் கொடுத்த ஆதாரம். 'பயிற்சியின் தொடக்கத்தில் என்னிடம் கேட்டபோது நான் வலது கையால் சாப்பிடுவதாகக் கூறியது உண்மை.' நானே டைப் அடிச்சு, நேத்து அந்தக் கடைக்கே போயி வாங்கிட்டு வந்தேன்.

கடையில தீபாவளிக் கூட்டம். வெட்டுற மேசையில புது ஆளு நிக்கான், இருபத்தஞ்சு வயசிருக்கும். சரசரன்னு வெட்டுதான். அருமைநாயகம் ஓரமா ஒரு ஸ்டூல்ல உக்காந்து அளவை வாசிச்சுக்கிட்டு இருக்காரு. காலடியில ஒரு துணிமூட்டை, அதுல கழிவுத்துணி. ஆள் இல்லாத நேரத்துல அதை எடுத்து வெட்டிப் பழகுதாராம். ஜெபக்கனி மேடம் வாரம் ரெண்டு தடவை வரச் சொல்லியிருக்காங்களாம், முப்பிடாதி கடைக்கே வந்து பாத்துட்டுப் போறாளாம். பொங்கலுக்குள்ள கை வந்துரும்னு நம்பிக்கையாச் சொன்னாரு. வராமலும் போகலாம் சார். பக்கவாதத்துல முதல் வாரங்கள்தான் முக்கியம். அது நானே நடத்துற பாடம்.

என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தாரு. நான் உக்கார வச்சுக் காகிதத்தை நீட்டுனேன். நிதானமாப் படிச்சாரு. "சரியாத்தான் சார் போட்டிருக்கீங்க. நீங்க கேட்டதுக்கு நான் அதைத்தான் சொன்னேன்"னாரு. ஒரு கோபம் இல்ல, ஒரு குத்தல் இல்ல. பேனாவைக் கொடுத்தேன். "சும்மா வலது கையில ஒரு கிறுக்கு கிறுக்குங்க மாஸ்டர், எனக்குப் பஸ்ஸு இருக்கு"ன்னேன். "வலது கையில எனக்கு எழுத வராதுல்லா சார்"னாரு.

வலது கையால பேனாவை எடுத்து இடது கை விரலுக்குள்ள ஒவ்வொண்ணாச் சொருகுனாரு. முழுப்பேரையும் எழுதணும்னாரு, அதுதான் மரியாதையாம். அருமைநாயகம். ஏழு எழுத்து. 'அ' போடவே ரெண்டு நிமிஷம். 'ரு'வுல வளைக்க முடியலை, நிறுத்தி மூச்சு வாங்கிட்டுத் திரும்ப வளைச்சாரு. நெத்தியில வேர்வை. வெட்டுற பையன் கத்திரியை வச்சுட்டு வேடிக்கை பாக்கான். போதும் மாஸ்டர், விடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரை வந்துச்சு சார். சொல்லலை. எனக்குக் கையெழுத்து வேணும்.

'நா'வுல பேனா நழுவிக் கீழ விழுந்துருச்சு. நான் குனிஞ்சு எடுத்து நீட்டுனேன். எந்தக் கைக்கு நீட்டுனேன்னு நினைக்கீங்க? அவரு வலது கைக்கு. அந்த ஆளு என் கண்ணு முன்னாடி இடது கையால எழுதிக்கிட்டு இருக்காரு, நான் வலது கைக்கு நீட்டுதேன். இருபத்தாறு வருஷம் இந்தப் பாடம் நடத்துன ஆளு நான். அவரு வலது கையில வாங்கி, மறுபடி விரல் விரலா இடது கையில மாத்திக்கிட்டாரு. எனக்கு வெட்கமாப் போச்சு சார். அந்தக் கடையில நின்ன அத்தனை பேரும் பாத்துட்ட மாதிரி இருந்துச்சு. யாரும் பாக்கலை.

ஏழு எழுத்தும் முடிச்சுட்டாரு. பாருங்க, இதுதான். காகிதத்துல பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. விசாரணைக் குழுவுல இதைப் பாத்தா நானே போலியாப் போட்டுட்டேன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. 

எழுதி முடிச்சுட்டு அவரும் இதை எட்டப் பிடிச்சுப் பாத்தாரு. அவருக்கே திருப்தி இல்ல. "கோணலாப் போச்சு சார். ஒரு மாசம் கழிச்சு வாங்க, உங்களுக்கு நேராப் போட்டுத் தாரேன்"னாரு.

பஸ்ஸுல ஏறுனதுல இருந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டு வாரேன். என்னைக் கிண்டல் பண்ணித்தான் சொன்னாரோன்னு அவரு முகத்தை நல்லாப் பாத்தேன். கிண்டலா இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். இல்ல சார், நெசமாத்தான் சொன்னாரு.